வெல்லம் கரைக்காத கோடை

தம்பி, உன் கடிதம் வந்தது. பேரனுக்கு இருமல் இன்னும் விடவில்லை, டாக்டர் மருந்தை மாற்றியிருக்கிறார், மார்பில் சளி கட்டியிருக்கிறது என்று மேலே கொஞ்சம் எழுதிவிட்டு, மிச்சக் காகிதம் முழுக்க உன் பெண்டாட்டி செல்வியைப் பற்றிப் புகார் எழுதியிருக்கிறாய். பிள்ளைக்குச் சுகமாக வேண்டும் என்று நம்மூர் ஊருணியில் வெல்லம் கரைப்பதாக அவள் நேர்ந்துகொண்டாளாம். லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய் வருவோம் என்றாளாம். நீ முடியாது என்று சொல்லிவிட்டாய். "ஏரித் தண்ணீரில் கார்பன் என்கிற கரி எந்த உயிரிலிருந்து எந்த உயிருக்குப் போகிறது என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம், நானே போய்க் குடிதண்ணீரில் வெல்லத்தைக் கொட்டவா? எங்கம்மா ஒரு ஊரையே தடுத்து நிறுத்தினவங்க, அவங்களையே கேட்டுப் பார்" என்று வேறு சொல்லியிருக்கிறாய். அன்றிலிருந்து அவள் உன்னோடு பேசுவதில்லை என்கிறாய். அவளுக்குப் புத்தி சொல்லி நான் நாலு வரி எழுத வேண்டுமாம். புத்தி சொல்லத்தான் போகிறேன், அவளுக்கு இல்லை, உனக்கு. பொறுமையாக உட்கார்ந்து படி.

ஊரைத் தடுத்தேன் என்பது நிஜம். அது என்ன கோடை என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அறுபதுகளின் தொடக்கம், நீ ஏழாம் வகுப்பு, என் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாய். மழை தவறிப்போய்க் கண்மாய் வெடித்துக் கிடந்தது. கிணறுகளில் இருந்ததெல்லாம் உப்புத் தண்ணீர். ஊர் முழுக்க வாயில் வைக்கிற மாதிரி இருந்தது ஊருணித் தண்ணீர் ஒன்றுதான், அதுவும் நடுவில் முழங்கால் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு, கலங்காமல் அள்ள வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் குடத்தைச் சாய்ப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பானையில் தேத்தாங்கொட்டையை இழைத்து விட்டு, தெளிந்த பிறகு குடிப்போம். அந்தக் கோடையில்தான் பிள்ளைகளுக்குக் கக்குவான் இருமல் வந்தது. வீட்டுக்கு வீடு இருமல். ஒரு பிள்ளை இருமினால் மூச்சு உள்ளே போகாமல் முகம் நீலமாகிவிடும். பிள்ளைக்கு நோவு வந்தால் நம் பக்கத்தில் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். மண்டவெல்லத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊருணியில் இறங்கி, தண்ணீருக்குள் கையை விட்டு, அது கரைந்து முடிகிற வரை நிற்பார்கள். வெல்லம் கரைகிற மாதிரி நோவும் கரைய வேண்டும் என்பது வேண்டுதல். காலங்காலமாக நடக்கிறதுதான், ஊருணி நிறைந்திருக்கிற காலத்தில் அதனால் ஒரு குற்றமும் வந்ததில்லை.

அடுத்த ஊர்க்காரர்கள் நமக்கு முந்திக்கொண்டார்கள். அங்கே ஊருணி நம்முடையதைவிடச் சின்னது. ஒரு வெள்ளிக்கிழமை அத்தனை வீட்டுக்காரர்களும் ஒன்றாக இறங்கிக் கரைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கிருந்து பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நம்மூருக்கு வந்தார்கள். என்ன ஆச்சு என்று கேட்டேன். "தண்ணி நாறுது டீச்சர், மீனெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு மெதக்குது" என்றார்கள். உன்னையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். தண்ணீர் கழுநீர் மாதிரி வெளுத்திருந்தது. கெண்டைகள் ஓரத்தில் குவிந்து ஒதுங்கியிருந்தன. இரண்டொன்று இன்னும் வாயை மேலே தூக்கிக் காற்றைக் குடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தன. நீ மூக்கைப் பொத்திக்கொண்டு, "வெல்லத்துல வெசமாம்மா?" என்று கேட்டாய்.

விஷம் இல்லை என்று திரும்பி வருகிற வழியெல்லாம் உனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். இன்றைக்கு நீ பெரிய படிப்புப் படித்து எனக்கே எழுதுகிறாய், ஆனால் முதல் பாடம் அந்த வண்டிப் பாதையில் நான் சொன்னதுதான், மறந்துவிடாதே. காற்றில் இருக்கிற கரியமில வாயு தண்ணீரில் கரைகிறது. வெயில் பட்டால் பாசி அந்தக் கரியை எடுத்து உடம்பாக்கிக்கொண்டு, பிராணவாயுவை வெளியே விடுகிறது. பாசியைக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற பூச்சிகள் தின்கின்றன, பூச்சியைக் கெண்டைக்குஞ்சு தின்கிறது, கெண்டையை மீன்கொத்தி கொண்டுபோகிறது. கரையிலிருக்கிற ஆலமரத்து இலை விழுந்து மக்கிச் சேறாகிறது, சேற்றுப் புழு அதைத் தின்கிறது. அத்தனையும் மூச்சு விடுகின்றன, கரி மறுபடி வாயுவாகிப் போகிறது. வரவும் போக்கும் சரியாக இருக்கிற வரை தண்ணீர் உயிரோடு இருக்கும். வெல்லம் என்பதும் கரிதான், ஏதோ ஒரு கரும்புக்காடு காற்றிலிருந்து பிடித்து வைத்த கரி. அதைக் கொஞ்சத் தண்ணீரில் கொட்டினால் கிருமிகளுக்குக் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. தின்று பெருகி, பிராணவாயு முழுவதையும் அவையே இழுத்துவிடும். மீன் மூச்சுமுட்டிச் சாகும், செத்த மீன் இன்னும் அழுகும், அழுகலுக்கு மேல் அழுகல். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நம்மூரு ஊருணி?" என்றாய். அந்தக் கேள்விதான் என்னை ஊர்ப் பெரியதனக்காரரான அம்பலகாரர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது.

பேச்சை மட்டும் நம்ப மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஊருணித் தண்ணீரை இரண்டு கண்ணாடிச் சாடிகளில் எடுத்து, இரண்டிலும் கெண்டைக்குஞ்சுகளை விட்டு, ஒன்றில் மட்டும் வெல்லத்தைக் கரைத்து மூடி வைத்தோம். வெல்லம் போட்ட சாடியில் மீன் செத்து, தண்ணீர் கெட்டுப்போனதும் இரண்டையும் தூக்கிக்கொண்டு போய் ஊர்க்கூட்டத்தில் வைத்தேன். ஒரு பெண்பிள்ளை கூட்டத்தில் எழுந்து பேசுவது அப்போது சாதாரணம் இல்லை. அம்பலகாரர் சாடியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கருப்பாயி, உனக்குத் தெரியும், நம் தெருக்கோடி வீடு, இருமுகிற பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள்தான் கேட்டாள், "நீங்க படிச்சவுக, சொல்றீக. நாங்க நேந்துக்கிட்டோமே டீச்சர். சாமி கேட்டா என்ன சொல்றது?"

"மழை பெஞ்சு ஊருணி நெறையட்டும், அப்பக் கரைச்சுக்குவோம். சாமி கேட்டா என் பேரைச் சொல்லுங்க, நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றேன்.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அம்பலகாரர், "டீச்சரம்மா பொறுப்பு ஏத்துக்கிட்டாக, பெறகென்ன" என்று முடித்தார். மழை வருகிற வரை ஊருணியில் வெல்லம் கரைக்கக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள். உன் அப்பா அன்றைக்குக் கூட்டத்தின் ஓரத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்ததும், "பொம்பள பேச்சை ஊரே கேட்டுருச்சு, நான் கேக்குறதுல என்ன அதிசயம்" என்று கேலி பண்ணினார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான். அந்தப் பெருமையோடு ஒரு வாரம் இருந்திருப்பேன், அதற்குள் நம் வள்ளிக்கு இருமல் வந்துவிட்டது.

வள்ளிக்கு அப்போது நாலு வயது. உன் தங்கையை உனக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டாம். ஆனால் உன் பெண்டாட்டிக்கு நீ அவளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை என்று போன தடவை வந்தபோது தெரிந்துகொண்டேன், அது எனக்கு வருத்தம். காரைக்குடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டார்கள், மருந்து கொடுத்தார்கள், குறையில்லாமல் பார்த்தார்கள். கொஞ்சம் தேறியது போல இருந்தது, வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மறுபடி வந்தது. ஒரு சாயங்காலம் உன் அப்பா புதுவயல் மில்லில் நெல்லைப் போட்டுவிட்டு வந்தார். சட்டையைக் கழற்றவில்லை, துண்டுக்குள்ளிருந்து ஒரு மண்டவெல்லத்தை எடுத்து அடுப்பங்கரையில் வைத்தார்.

"ஒத்த மண்டவெல்லம். நான் மட்டும் இறங்கிக் கரைச்சுட்டு வந்துர்றேன்" என்றார்.

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"நீயே சொல்லு. ஒத்த மண்டையில ஊருணி கெட்டுப் போயிருமா?"

கெடாது, தம்பி. அது எனக்கு அன்றைக்கே தெரியும். அத்தனை சுருங்கின ஊருணியானாலும் ஒரு மண்டை வெல்லத்தைத் தின்று தீர்த்துவிட்டு மறுநாள் சாதாரணமாக இருக்கும். ஆனால் அது ஒன்றோடு நிற்காது. கருப்பாயி தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். என் பேச்சைக் கேட்டு நேர்த்திக்கடனை நிறுத்தி வைத்திருக்கிற வீடுகள் எல்லாம் காத்திருக்கின்றன. டீச்சர் வீட்டில் கரைத்தார்கள் என்று தெரிந்தால் விடிவதற்குள் ஊர் முழுக்க இறங்கிவிடும். அப்புறம் இரண்டு ஊருக்கும் தண்ணீர் கிடையாது, இருமுகிற பிள்ளைகளுக்கு வாய் நனைக்கக்கூட நல்ல தண்ணீர் இருக்காது. இதை உன் அப்பாவிடம் சொன்னேன். "ஊருக்குச் சொன்னது நமக்கும்தாங்க" என்று முடித்தேன். வள்ளி அப்போது உள்ளே இருமிக்கொண்டிருந்தாள். அவர், "சரித்தா" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். ஊருணித் தண்ணீரை ஒரு அண்டாவில் மொண்டு வந்து முற்றத்தில் வைத்து, இதில் கரையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சாமி ஏற்றுக்கொள்கிறதோ இல்லையோ, அந்த மனுஷன் கையை அதில் விட்டுக்கொண்டு நின்றிருப்பார். அது எனக்குத் தோன்றவே இல்லை. சரி எது என்று நிரூபிப்பதிலேயே என் புத்தி இருந்தது.

வள்ளி போய்விட்டாள். அதை நான் விவரித்து எழுத மாட்டேன், நீ பக்கத்தில்தான் இருந்தாய். அந்த வயதுப் பிள்ளையை எரிப்பதில்லை என்பதால் நம் புஞ்சை ஓரத்தில் புதைத்தார்கள். வீட்டில் கூடியிருந்த பெண்களில் யாரோ ஒருத்தி, "என் பேரைச் சொல்லுங்கன்னாகளே, சாமி வந்து கேட்டுருச்சு" என்று மெதுவாகத்தான் சொன்னாள், என் காதில் விழுந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கருப்பாயிதான் அவளைப் பிடித்து அதட்டினாள். "டீச்சர் சொல்லித்தான் இன்னைக்கு உன் வீட்டுப் பானையில தண்ணி இருக்கு, வாயைக் கழுவு" என்றாள். அவள் பையன் பிழைத்துக்கொண்டான். அந்தக் கோடை முடிகிற வரை அவள் தினமும் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து நம் வீட்டில் இறக்கிவிட்டு, என்னோடு ஒரு வார்த்தையும் பேசாமல் போவாள். நான் நினைத்தது நடந்தது, ஊருணி கெடவில்லை. மீன் பிழைத்தது, ஊர் பிழைத்தது. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தபோது இந்தக் கதையைக் கேட்டுவிட்டு என்னை எல்லார் முன்னாலும் பாராட்டினார். எனக்கு அந்த இடத்திலேயே ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்ததும், நீயும் உட்கார்ந்திருந்த எட்டாம் வகுப்புக்கு அதே பாடத்தை நடத்த வேண்டியிருந்தது. கரி அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது என்று பலகையில் எழுதினேன். காற்று, பாசி, பூச்சி, மீன், பறவை, எச்சம், மண், இலை என்று அம்புக்குறி போட்டுக்கொண்டே போனேன். முன் வரிசையில் ஒரு பெண்குழந்தை எழுந்து, "செத்துப்போனவுக டீச்சர்?" என்று கேட்டாள். குறும்புக்குக் கேட்கவில்லை, அம்புக்குறியில் எங்கே எழுத வேண்டும் என்று தெரிந்துகொள்ளக் கேட்டாள். பதில் எனக்குத் தெரியும். புஞ்சை ஓரத்தில் அந்த இடத்தில் மட்டும் புல் தழைத்திருந்ததை முதல் நாள்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அது என்ன புல், எதனால் தழைத்தது என்று எனக்குத் தெரியாதா? மணி அடிக்கிற வரை பலகையைப் பார்த்தபடி நின்றேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நீ கேட்டாய், அதுவரை அடக்கி வைத்திருந்தாய் போல. "அப்பா வெல்லத்தைக் கரைச்சிருந்தா வள்ளி பொழைச்சிருப்பாளாம்மா?" இல்லை என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டு விளையாடப் போனாய். அந்த ஒற்றைப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் நீ இவ்வளவு தூரம் படித்தாய் என்று நினைக்கிறேன்.

ஐப்பசியில் மழை கொட்டியது. ஊருணி நிறைந்து மறுகால் போனது. தடை நீங்கியது என்று அம்பலகாரர் சொன்னதும் நிறுத்தி வைத்த வேண்டுதல்களோடு ஊரே இறங்கியது. பிழைத்த பிள்ளைகளை எல்லாம் புதுச்சட்டை போட்டுக் கூட்டி வந்திருந்தார்கள். அத்தனை தண்ணீரில் அத்தனை வெல்லமும் இருந்த இடம் தெரியாமல் போனது, ஒரு மீன்கூட மேலே வரவில்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன். உன் அப்பா வரவில்லை. நம் வீட்டில் யாருக்காகக் கரைப்பது? பின்கட்டில் போய்ப் பார்த்தால், அவர் உப்புக் கிணற்றில் வாளியை விட்டு இறைத்து, சொம்பில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். வாயில் வைக்க முடியாத தண்ணீர், மாடுகூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கும். என்னங்க இது, நல்ல தண்ணி பானை நிறைய இருக்கே என்றேன்.

"அந்தத் தண்ணி ஊருக்கு வேணும்த்தா. எனக்கு வேணாம்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் இருந்த காலம் முழுக்க ஊருணித் தண்ணீரை வாயில் வைக்கவில்லை. நீ விடுமுறைக்கு வரும்போதெல்லாம், அப்பாவுக்கு ஏன் இந்த உப்புத் தண்ணி என்று கேட்பாய். "வயசாகிப்போச்சுல்லப்பா, நாக்கு செத்துப்போச்சு" என்று சிரிப்பார். நீயும் நம்பிவிட்டாய். என்னை ஒரு நாளும் ஒரு சொல் குற்றம் சொன்னதில்லை அவர். சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசி, அழுது, தீர்த்திருப்பேன். ஒரே கூரையின் கீழ் ஒரே சோற்றைத் தின்றுகொண்டு, நான் ஒரு பானையிலும் அவர் ஒரு சொம்பிலும் குடித்தோம். கடைசியில் படுத்திருந்தபோது நாக்கில் விடுவதற்கு ஊருணித் தண்ணீரைத்தான் கொண்டு போனேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். பின்கட்டுக்குப் போய் அந்த உப்புத் தண்ணீரை எடுத்து வந்துதான் விட்டேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நீ சொல்வது எல்லாம் சரி. வெல்லத்தால் இருமல் போகாது. மருந்தை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது, டாக்டர் பிரயாணம் பண்ணலாம் என்று சொன்ன பிறகுதான் பிள்ளையோடு கிளம்ப வேண்டும். ஆனால் ஊருணி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்காமலே நீ எப்படி முடியாது என்றாய்? இரண்டு வருஷமாக நல்ல மழை, படித்துறை மேல்படி வரை தண்ணீர் நிற்கிறது. அதில் ஒரு மண்டை வெல்லம் என்ன செய்யும் என்று உன் உத்தியோகப் படிப்பைக் கொண்டே கணக்குப் பார். கணக்குப் பார்த்துவிட்டு நீ முடியாது என்று சொல்லியிருந்தால் பரவாயில்லை, நீ என் பெயரைச் சொல்லி முடியாது என்றாய். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தது, தெரிந்துகொண்டேன். உனக்கு அப்படித் தெரிய வேண்டாம். பேரனுக்கு ஒன்றும் வராது, நன்றாகிவிடுவான். ஆனாலும் செல்வி இப்போது பேசாமல் இருக்கிறாள் என்று நீ எழுதியிருப்பதைப் படித்ததும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன். பேசாமல் இருப்பது என்றால் என்ன என்று உன் அம்மாவுக்குத் தெரியும். வள்ளியைப் பற்றி அன்றைக்கு நான் உனக்குச் சொன்ன பதிலில் இன்றைக்கும் மாற்றம் இல்லை. வெல்லத்தைக் கரைத்திருந்தால் அவள் பிழைத்திருக்க மாட்டாள். உன் அப்பா பிழைத்திருப்பார்.

அதனால் செல்வியிடம் போய், அம்மா வரச் சொன்னார்கள் என்று சொல். வள்ளியைப் பற்றியும் சொல், ரயிலில் வரும்போது சொல்லிக்கொண்டே வா. காரைக்குடியில் காலையில் இறங்கினால் முதல் பஸ்ஸைப் பிடித்து வெயில் ஏறுவதற்குள் வந்துவிடலாம். வெல்லம் நான் வாங்கி வைக்கிறேன், மெட்ராஸ் வெல்லத்தைத் தூக்கிக்கொண்டு வராதே. படித்துறையில் பாசி வழுக்கும், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நீ முன்னால் இறங்கு. அவள் கைக்கு அடியில் உன் கையையும் வைத்துக்கொள். அது கரைந்து முடிகிற வரை கரி, பாசி என்று ஒரு வார்த்தை வாயைத் திறக்காதே.